தலையில் அடிபட்டதுண்டா

வண்டியை நிறுத்திய வரிசை எண்ணை
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.
போன தடவை நாற்பது நிமிடம் தேடினேன்,
ஃபார்கோவின் ஜனவரிக் குளிரில்.
பனி மூடிவிட்டால் எல்லா வண்டியும் ஒரே வண்டி.

முன்மேசைக்காரர் நல்லவர்தான்.
"கணவருக்கு எத்தனை மணிக்கு?" என்றார்.
எனக்குத்தான், என்றேன். ஜோலீன் ப்ரெக்கே.
போக்குவரத்துப் பிரிவு. எரிபொருள் ட்ரக்.
காது மடல் சிவந்துபோனது பாவம் அவருக்கு.
கூடத்தில் தொப்பி போட்ட கிழவர்கள்
கால்களை ஒடுக்கி வழிவிட்டார்கள்
யார் வீட்டு விருந்தாளியோ என்பதுபோல.

மேலே ஒரு குழல்விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.
வேறு யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நர்ஸ் பெயர் ஹோதான் வார்சாமே.
என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம்.
ஊதா முக்காடு. மேசையில் பாதி உரித்த ஆரஞ்சு.
விரல்களை இறுக்கிப் பிடியுங்கள் என்றாள், பிடித்தேன்.
பிறகு படிவம்:
பணியின்போது வெடி, விபத்து, விழுந்தது?
உடனே மயக்கம், திகைப்பு, நினைவு தப்பியது?
அதன் பின் தலைவலி, வெளிச்சம் கூசுவது, எரிச்சல்?
போன வாரம்?

வெடி இரண்டு.
முதல் தடவை முன்னால் போன வண்டி.
அடுத்த தடவை நாங்கள்.
மயங்கினேனா?
மயங்கியவளிடமே கேட்டால் அவள் என்ன சொல்வாள்?
ரேடியோவில் யாரோ என் எண்ணைக் கூப்பிட்டபடி இருந்தார்கள்,
அது என் எண் என்பது பிறகுதான் தெரிந்தது.
வாயில் இரும்பு ருசி.
அன்று மாலையே டயர் மாற்றினேன்.
மருத்துவக் கூடாரத்துக்குப் போகவில்லை.
போயிருந்தால், திரும்பி வருவதற்குள்
"பொம்பளை, பயந்துட்டா" என்ற சொல்
எனக்கு முன்பே முகாமைச் சுற்றி வந்திருக்கும்.

பால் வாங்கப் போய் பல்பு வாங்கி வருகிறேன்.
கரண்ட் பில்லை இரண்டு முறை கட்டுகிறேன், அல்லது கட்டுவதே இல்லை.
கடைக்குள் கறுப்புக் கண்ணாடி.
ஒரு டாக்டர் வயசு என்றார்.
ஒருவர் ஹார்மோன் என்றார்.
ஒருவர் மாத்திரை எழுதிவிட்டுத்தான் என் முகத்தையே பார்த்தார்.

ஹோதான் பேனாவைக் கீழே வைத்தாள்.
"இது படிவத்தில் இல்லை," என்றாள்,
"வீட்டில்? யாராவது, எப்போதாவது,
தலையில்? கழுத்தில்?"

ஜன்னலுக்கு வெளியே பனி வாரும் வண்டி
பின்னால் வருகிறேன், பின்னால் வருகிறேன் என்று கத்திக்கொண்டிருந்தது.

"டாரில் இப்போது மினோட்டில் இருக்கிறான்," என்றேன்.
அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை.
அவள் பேனாவை எடுக்கவும் இல்லை.

எத்தனை தடவை என்றாள், ரொம்ப நேரம் கழித்து.
வெடிக்குத் தேதி இருக்கிறது,
வரைபடத்தில் புள்ளி இருக்கிறது,
கையெழுத்துப் போட்ட சாட்சிகள் மூன்று பேர்.
இதற்கு என்னிடம் இருப்பது
சரக்கறைச் சுவரில், என் தலை உயரத்தில்,
மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் வெளுத்த வெள்ளை.
நானே பூசினேன். நிறம் பொருந்தவில்லை.
கடையில் ஓட்டு வெள்ளை, பால் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை என்று
எத்தனையோ வைத்திருக்கிறார்கள் தெரியுமா, என்றேன்.
அதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.
ஒன்பதே கால் என்று கொடுத்த நேரம்
பத்தரையைத் தாண்டியிருந்தது.

படம் எடுக்க வேண்டும், நினைவுச் சோதனை இன்னொரு நாள்,
பேச ஒருவர், அவரும் பெண்தான்.
எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதித் தந்தாள்.
படத்தில் தெரியாமலும் போகலாம் என்றாள்,
தெரியாததால் இல்லை என்று ஆகாது என்றாள்.
ஆரஞ்சில் இரண்டு சுளை கொடுத்தாள். தின்றேன்.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
கையுறையைக் கழற்றினால்
வியர்வையில் எண் கரைந்து,
மூன்றா எட்டா, நீலக் கறை.
அழுகை வரவில்லை, கெட்ட வார்த்தைதான் வந்தது.

அட்டையைத் திருப்பினேன்.
பின்பக்கம், ஓரமாக, சின்னதாக: சி-8.

ரேகை பார்ப்பவள்போல
என் கையை எப்போது படித்தாள்?